கோட்டுக்கு முன்னால் நின்றவன்

கெல்லவே ராணுவ அகாடமி,
வர்ஜீனியா,
டிசம்பர் 1951

அன்புள்ள வாரனுக்கு,

உன் அப்பாவும் நானும் இங்கே சுகம், நாயும் சுகம். கொரியாவின் குளிரில் உன் கைகால் மரத்துப்போகாமல், வேளைக்குச் சூடாக ஏதாவது உள்ளே போய், நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எங்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். போன மாதம் உன் கடிதம் வராத வாரத்தில் உன் அப்பா தபால்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார், பாவம் அந்த மனிதர் என்ன செய்வார். சமையலறைக் கூரை ஒழுகுவதை நவம்பர் மழைக்கு முன்பே அடைத்தாயிற்று. உன் அப்பாவின் வலது முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதாம், டாக்டரிடம் போகச் சொன்னால் எங்கேயோ பார்க்கிறார். நீ கேட்ட கம்பளிக் காலுறைகளை அனுப்பியிருக்கிறேன், கூடவே கொஞ்சம் உலர்ந்த ஆப்பிள். ஒரே நாளில் தின்று தீர்க்காதே, கூட இருப்பவர்களுக்கும் கொடு.

நீ கேட்டிருந்தது அணியைப் பற்றி. அணிக்குப் பயிற்சி கொடுக்கிற கோச் உன் அப்பாதானே, அவரே எழுதுவார் என்று இத்தனை நாள் விட்டுவைத்தேன். நேற்று அவர் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார், நன்றாக ஆடினோம், கடைசி ஆட்டம் தோற்றோம், உடம்பைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான். இதற்கா இத்தனை யோசனை என்று கேட்டேன், இதற்கு மேல் என்ன இருக்கிறது என்றார். இருக்கிறது வாரன், நிறைய இருக்கிறது. உனக்குத் தெரியும், நான் பந்தாட்டம் பார்த்து வளர்ந்தவள் இல்லை. உன் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தபோது நீயே அணியில் ஓடிக்கொண்டிருந்தாய், உனக்காகத்தான் முதல்முதலாக அந்த மரப்பலகையில் போய் உட்கார்ந்தேன், கையில் ஒரு புத்தகத்தோடு. இப்போதும் புத்தகத்தோடுதான் போகிறேன், ஆனால் இந்த வருஷம் பல நாள் அதைத் திறக்கவே இல்லை.

உன்னோடு ஆடியவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிக் கொரியாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டதில் அணியில் ஆளே இல்லை. அதனால் இந்த வருஷம் முதல் வருஷப் பையன்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படி வந்தவன்தான் எல்டன் ஸ்ப்ராக், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி ஊர், அப்பாவும் அண்ணனும் சுரங்கத்தில். ஒல்லியாக, காது இரண்டும் தனியாகத் தெரிகிற பையன். அணிக்கு வைத்தியம் பார்த்துக் கட்டும் போடுகிற நம் சார்ஜென்ட் பிங்காம் அவனை முதல் நாள் பார்த்துவிட்டு, "இவன எதுக்குப்பா கூட்டிட்டு வந்தீங்க, கொடிக்கம்பம் ஒண்ணு ஏற்கெனவே இருக்கே" என்றாராம். ஆனால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தால், அதை எப்படிச் சொல்வது, ஆட்களுக்கு நடுவே வழி இருக்கிற இடம் அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. இந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். வரிசையாக நான்கு ஜெயித்தோம். பிங்காம் பத்திரிகையைக் கத்தரித்துக் குளியலறைக் கதவில் ஒட்டி வைத்தார்.

ஐந்தாவது ஆட்டம் ஒரு சாதாரணக் கல்லூரியோடு, நம் மைதானத்தில்தான். அவர்கள் வந்த பஸ் மலைப்பாதையில் நின்றுபோனதில் ஆட்டம் மிகவும் தாமதமாகத் தொடங்கியது. நான் வழக்கம்போல ஆற்றுப் பக்கத்துக் கோடியில் உட்கார்ந்திருந்தேன், கோச்சுகளின் மனைவிகள் கூட்டத்தில் எனக்கு என்றும் இடம் சரிப்பட்டதில்லை. கடைசிக் கட்டம், நாம் கொஞ்சம் பின்னால் இருக்கிறோம், ஸ்ப்ராக் பந்தோடு எல்லாரையும் தாண்டி எங்கள் கோடியை நோக்கி வருகிறான். எதிரே ஒரே ஒருவன், அலமாரி மாதிரி உடம்பு. அவனைத் தாண்டினால் கோடு, கோட்டைத் தாண்டினால் வெற்றி. அந்த நேரத்தில் அணிவகுப்பு மைதானத்தில் சாயங்காலம் கொடி இறக்கும்போது ஊதுகிற பியூகிள் எக்காளம் கேட்டது. ஆட்ட நாளில் ஆட்டம் முடிகிறவரை அதை நிறுத்தி வைப்பதுதானே வழக்கம், அன்று யாரோ சொல்ல மறந்திருக்கிறார்கள். பியூகிள் கேட்டால் இருக்கிற இடத்தில் நின்று கொடி பக்கம் திரும்பி விறைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் மாதத்திலிருந்து உங்கள் ஆட்கள் அந்தப் பையன்களின் எலும்பில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் அல்லவா. ஸ்ப்ராக் நின்றான். பந்து இடது கையில், குதிகால் ஒட்டி, முகம் கொடிமரத்தைப் பார்த்து, தோள் அசையாமல். என் பக்கத்தில் சலவைக்கூடத்து வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார், நானும் எழுந்து நின்றேன், அங்கே இருந்த நாலைந்து முதல் வருஷப் பையன்களும் விறைத்து நின்றார்கள். எதிரே வந்த அலமாரிக்கு இதெல்லாம் என்ன தெரியும், அப்படியே மோதிச் சாய்த்துவிட்டான். பந்து அவர்கள் கைக்குப் போனது, ஆட்டமும் போனது.

நமது கூட்டத்தின் இரைச்சலில் மற்ற பக்கம் யாருக்கும் பியூகிள் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. உன் அப்பா பார்த்ததெல்லாம், பையன் பெரிய ஆளைக் கண்டதும் மரம் மாதிரி நின்றுவிட்டான் என்பதுதான். உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும், "ஏண்டா நின்ன?" என்று கேட்டிருக்கிறார். முதல் வருஷத்தில் உங்களுக்குப் பேச மூன்றே பதில்கள்தானே, ஆம் சார், இல்லை சார், சாக்கு எதுவும் இல்லை சார். ஏன் என்று கேட்டால் மூன்றாவதைத் தவிர வேறு வழியில்லை. "சாக்கு எதுவும் இல்லை, சார்" என்றான் அவன். "பயந்துட்டியாக்கும். போய் உக்காரு" என்றார் உன் அப்பா. அதோடு அவனை ஆடவிடாமல் உட்கார வைத்துவிட்டார். கோச் பயந்தவன் என்று சொன்னால் இந்த ஊரில் அது எவ்வளவு தூரம் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்ததாம். வேதாகமத்தில் திரும்பிப் பார்த்ததும் உப்புத்தூணாக உறைந்துபோன பெண் இருக்கிறாளே, அவள் நினைவாக அவனுக்கு 'உப்புத்தூண்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அணித்தலைவன் டெக்ஸ்டர் க்வின், நல்ல பையன்தான், ஆனால் அவன்தான் முதலில் ஆரம்பித்தவன், "உப்புத்தூணே, சூப்புல கொஞ்சம் உப்பு கம்மியா இருக்கு, விரல விட்டுக் கலக்கு" என்பானாம். நடந்ததைத் தெரிந்த முதல் வருஷப் பையன்கள் இருந்தார்கள், ஆனால் பெரியவர்கள் கேட்காமல் அவர்கள் வாய் திறக்கக் கூடாது, யாரும் கேட்கவும் இல்லை. அவன் இல்லாமல் ஆடிய அடுத்த ஆட்டம் தோல்வி, அதற்கடுத்தது சமன்.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும், சாப்பாட்டு மேசையில் பந்தாட்டப் பேச்சு கிடையாது, அது நான் போட்ட சட்டம். அதை உன் அப்பாவே ஒரு நாள் மீறினார். பீன்ஸைக் கிளறிக்கொண்டே, "அந்த ஸ்ப்ராக் பய கிறிஸ்துமஸோட அகாடமிய விட்டே போறானாம், கர்னல்கிட்ட சொல்லிட்டானாம். நல்லதுதான், பயந்தவனுக்கு இங்க என்ன வேலை" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பயமா? பியூகிள் ஊதினா நிக்காம என்ன பண்ணுவான்?" என்றேன். "எந்த பியூகிள்?" என்றார். சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்தார். நான் அவரை நான்கு வருஷமாகப் பார்க்கிறேன், கோபம் வந்தால் எப்படி இருப்பார் என்று தெரியும், வருத்தம் வந்தால் தெரியும், அன்றைய முகம் புதிது. "நீ ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டார், உங்களுக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அதன்பிறகு ஆப்பிள் பலகாரத்தைத் தொடவில்லை, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

மறுநாள் மைதானத்தில் நடந்ததை எனக்குச் சொன்னது பிங்காம். மருந்துப் பெட்டியோடு நேராக நூலகத்தில் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தத் தெரியாமல் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, இன்னைக்கு நீங்க வந்திருக்கணும்" என்று தொடங்கினார். உன் அப்பா எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து ஸ்ப்ராக்கை முன்னால் கூப்பிட்டாராம். இந்தத் தடவை ஏன் என்று கேட்கவில்லை. "அன்னைக்குக் கொடி இறக்குற பியூகிள் கேட்டதா?" என்றார். "ஆம், சார்." "அது கேட்டா இங்க நிக்கணும்கிறது சட்டமா?" "ஆம், சார்." உன் அப்பா மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோங்கடா. இவன் பயந்துட்டான்னு சொன்னது நான். சொன்னது தப்பு. இனி அந்தப் பேர வெச்சு எவனாவது இவனக் கூப்பிட்டா, முதல்ல என்னை ஒரு பேர் வெச்சுக் கூப்பிடட்டும்" என்றாராம். அப்புறம் க்வின் வரிசையிலிருந்து வெளியே வந்து கையை நீட்டினான். நாலாம் வருஷத்துக்காரன் முதல் வருஷத்துக்காரனுக்குக் கை கொடுப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், அதற்கு அப்புறம் சார் கிடையாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், மற்ற பையன்களுக்கு அது கிடைக்க வசந்தகாலம் ஆகும். "என் பேரு டெக்ஸ்டர்" என்றான் க்வின். ஸ்ப்ராக் கையைப் பிடித்துக் குலுக்கி, "சரி, சார்" என்றான். "அணி மொத்தமும் புல்லுல விழுந்து சிரிச்சுதும்மா, கோச்சும் சிரிச்சாரு, நான் சத்தியமா பாத்தேன்" என்றார் பிங்காம். எழுந்து போகும்போதுதான், "இருந்தாலும் பய கிறிஸ்துமஸுக்குப் போறேன்னுதான் நிக்கிறான், அது ஏன்னுதான் தெரியல" என்றார்.

அது ஏன் என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது, உன் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. ஸ்ப்ராக் நூலகத்துக்கு அடிக்கடி வருகிறவன். பாலங்கள், சுரங்கப் பாதைகள், அணைகள், இப்படிக் கட்டுகிற விஷயம் எதுவானாலும் படிப்பான். அன்று வேறு யாரும் இல்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "மேடம், நீங்க அந்தக் கோடியிலதான உக்காந்திருந்தீங்க, கோச்சுக்குச் சொன்னது நீங்கதான்னு பிங்காம் சொன்னாரு, ரொம்ப நன்றி" என்றான். பரவாயில்லை என்றேன். போகாமல் நின்றான். பிறகு, "கோச் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு மேடம்" என்றான். நான் என்ன என்று கேட்கவில்லை, அவனே சொன்னான். "பியூகிள் கேட்டது நெசம். ஆனா எதிர்ல வந்தவன் ரொம்பப் பெரிய ஆளு. நிக்கும்போது எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. பியூகிள் கேட்காம இருந்திருந்தா ஓடியிருப்பேனான்னு எனக்குத் தெரியல. அது தெரியாம எல்லாரும் கை குடுக்குறாங்க. திருட்டுச் சாமான கையில வெச்சிருக்குற மாதிரி இருக்கு."

வாரன், நான் நிறையப் படித்தவள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் அந்தப் பையனிடம் எனக்கும் தெரியவில்லை என்றேன். கடைசி ஆட்டம் பார்க்க வருவேன் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சொல்லத் தேவையே இல்லாத ஒன்றை, யாருமே கண்டுபிடிக்க முடியாத ஒன்றை, தானாகச் சொன்னானே என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அகாடமியின் சட்டங்கள் பலவற்றை நான் மனதுக்குள் கேலி செய்திருக்கிறேன், அன்று செய்யவில்லை.

கடைசி ஆட்டம் நன்றி சொல்லும் பண்டிகை நாளன்று ஸ்டாண்டிஷ் கல்லூரியோடு, இந்த வருஷம் அவர்கள் இங்கே வரும் முறை. வான்கோழியைக் காலையிலேயே அடுப்பில் வைத்துவிட்டுப் போனேன். தரையெல்லாம் பனி உருகிய சேறு. முதல் வருஷப் பையன்களின் சத்தம்தான் காதைப் பிளந்தது, ஏன் பிளக்காது, ஸ்டாண்டிஷை ஜெயித்தால் கிறிஸ்துமஸ் வரை அவர்களுக்கு விடுதலை, சாதாரண மனிதர்கள் மாதிரி நடக்கலாம், தோற்றால் வசந்தம் வரை மூலைக்கு மூலை விறைத்து நின்று செங்கோணமாகத் திரும்பித் திரும்பி நடக்க வேண்டியதுதான். ஸ்டாண்டிஷில் ஒருவன் இருந்தான், முன்பு வந்த அலமாரியே இவன் முன் முக்காலி. பெயர் ப்ரோடி. ஆட்டம் முழுக்க க்வின் அவன் இருக்கிற பக்கத்தைத் தவிர்த்து மற்ற பக்கமாகவே ஸ்ப்ராக்கை ஓடவிட்டான், அதுதான் புத்தி, உன் அப்பா சொன்னதும் அதுதான். கடைசி நிமிஷத்தில் அவர்கள் கொஞ்சம் முன்னால், நாம் அவர்கள் கோட்டுக்கு மிக அருகில், ஒரே ஒரு ஓட்டம் பாக்கி. ஆட்டக்காரர்கள் வட்டமாகக் குனிந்து பேசினார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று அன்று சாயங்காலம் க்வின் நம் வீட்டில் சாப்பிடும்போது சொன்னான். முதல் வருஷத்துக்காரன் அந்த வட்டத்தில் வாயே திறக்க மாட்டான், இத்தனை ஆட்டத்தில் ஸ்ப்ராக் திறந்ததில்லை. அன்று திறந்தான். "டெக்ஸ்டர், ப்ரோடி பக்கம் குடு" என்றான். "பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டானே, எப்படி முடியாதுன்னு சொல்றது" என்றான் க்வின், வாய் நிறைய வான்கோழியோடு.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பந்து அவன் கைக்கு வந்தது. வளைந்து போக இடம் இருந்தது, எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாமலா இருக்கும். அவன் வளையவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராக ப்ரோடியின் மேல் போய் மோதினான். அந்தச் சத்தம் எங்கள் கோடிவரை கேட்டது. ப்ரோடி மல்லாந்து விழுந்தான் வாரன், அந்த மலை விழுந்தது. ஆனால் அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் மேலே விழ, நம் ஆட்கள் அவர்கள் மேலே விழ, ஒரே குவியல். நடுவர் ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தார். எல்லாருக்கும் அடியில் ஸ்ப்ராக், கையை முன்னால் நீட்டியபடி, கையில் பந்து. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு உள்ளங்கை வைக்கலாம். அவ்வளவுதான். தோற்றோம்.

பிங்காம் ஓடினார். திரும்பி வரும்போது என்னைத் தாண்டிப் போகையில், "மூக்கு ஒடிஞ்சுபோச்சும்மா, பய சிரிக்கிறான். மூக்கு ஒடிஞ்சு சிரிக்கிறவன நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். உன் அப்பா சேற்றில் இறங்கிப் போய் அவன் முன்னால் நின்றார், தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் மூக்கில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பழைய மாணவர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கார்களுக்குப் போனார்கள். அப்போதுதான் முதல் வருஷப் பையன்கள் மரப்பலகைகளிலிருந்து இறங்கினார்கள். அவர்களுக்குத்தான் நஷ்டம், வசந்தம் வரை செங்கோணம்தான். வந்தார்கள், ஸ்ப்ராக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள், விடுதியை நோக்கி நடந்தார்கள். தோற்றவர்கள் என்பதால் சட்டப்படிதான் நடக்க வேண்டும், நடந்தார்கள், ஒவ்வொரு மூலையிலும் அத்தனை பேரும் விறைத்து நின்று, செங்கோணமாகத் திரும்பி, மறுபடி நடந்து. மேலே அவன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் விழப் பார்த்து யாருடைய தலைமுடியையோ பிடித்துக்கொண்டிருந்தான். க்வினும் மற்ற பெரிய பையன்களும் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி நின்றார்கள். இதுவரை எவ்வளவோ ஜெயித்த ஆட்டம் பார்த்திருக்கிறேன், இதற்கு ஈடாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அவன் நூலகத்துக்கு வந்தான், மூக்கில் பெரிய கட்டு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கை நிறையப் புத்தகங்கள். அகாடமியை விட்டுப் போகிற பையன்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடித்துவிட்டுத்தான் போவார்கள், அதனால் அவன் வைப்பதை ஒவ்வொன்றாகக் கணக்கில் குறித்துக்கொண்டேன். கடைசிப் புத்தகத்தையும் வைத்துவிட்டு, அணைக்கட்டுகளைப் பற்றிய அந்தப் பெரிய புத்தகம் வேண்டும் என்றான், இரண்டு பாகம், படிக்கவே ஒரு மாதம் பிடிக்கும். எடுத்துக் கொடுத்தேன். "ஜனவரி கடைசியில திருப்பித் தரணும்" என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல். "அதுக்குள்ள முடிச்சிருவேனான்னு தெரியல மேடம்" என்றான், கட்டுப் போட்ட மூக்கால் பேசியதில் குரல் தவளை மாதிரி இருந்தது. முடியாவிட்டால் இன்னொரு மாதம் வைத்துக்கொள் என்றேன். முத்திரை குத்தினேன்.

இவ்வளவுதான் விஷயம். அவன் என்னிடம் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும், உன் அப்பாவுக்கு எழுதும்போது எழுதிவிடாதே, மறக்காதே. அவருக்கு எழுதும்போது முழங்காலை டாக்டரிடம் காட்டச் சொல்லி நீயும் ஒரு வரி போடு, நீ சொன்னால் கேட்பார். காலுறையை இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொள், ஈரமானதைப் போட்டுக்கொண்டு தூங்காதே. எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றி நல்லவர்கள் இருக்கட்டும், போகிற வழி உனக்கு விலகிக் கொடுக்கட்டும், முழுசாக வீடு வந்து சேர். உன்னை நினைக்காத வேளை இந்த வீட்டில் இல்லை.

உன் நலம் நாடும்,
ஜூடித்
(உன் அப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறார், தன் மூன்று வரியை இதோடு சேர்த்து அனுப்பச் சொல்கிறார்.)